டாக்டர் கை நனைந்த வெள்ளிக்கிழமை

1976ஆம் ஆண்டு ஆடி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, டாக்டர் கோதண்டராமனின் வலது கை பூவாயியின் வயிற்றுக்குள் மணிக்கட்டுவரை இறங்கி, நனைந்து வெளியே வந்தது. ரத்தமில்லை, காயமில்லை, வெறும் கடல்தண்ணீர். செங்கல்பட்டு போகிற வழியில் இருந்த அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் அன்றைக்கு மழை ஒழுகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்திலிருந்து மூன்றாவது பிரசவத்துக்கு வந்தவள் அவள். வந்ததிலிருந்து எத்தனையோ கைகள் சேலையை விலக்கின, வயிற்றை அமுக்கின, காலை அகட்டின. "இன்னா பண்ணப் போறீங்கோ?" என்று அவள் கேட்டதற்கெல்லாம் "சும்மா கெட" என்பதுதான் பதில். குழந்தை பிறந்த கையோடு கருத்தடை ஆபரேஷனையும் முடித்துவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதற்கான காகிதத்தில் அவள் புருஷன் சிங்காரம் வராந்தாவிலேயே கட்டைவிரலை உருட்டியிருந்தான், ரேஷன் மண்ணெண்ணெய்க்கு உருட்டுவதுபோல, என்ன ஏதென்று கேட்காமல். அது காதில் விழுந்தபோது பூவாயிக்கு இடுப்புவலியைவிட அதிகமாக வலித்தது. அதற்கப்புறம்தான் டாக்டர் கை வைத்தார்.

நர்ஸ் வச்சலாவின் கையும் நனைந்தது. ஊசி போட்டால் மருந்து மிதந்து வெளியே வந்தது. குழந்தையோ குறுக்கே கிடந்தது. தொட்டுத் திருப்பாவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. சிங்காரத்தை உள்ளே கூப்பிட்டார்கள். அவன் கையும் முழுகியது. விரலை நக்கிப் பார்த்தான், உப்புக் கரித்தது. தினமும் விடியலில் கட்டுமரத்தைத் தள்ளுமுன் தண்ணீரைத் தொட்டு, 'எறங்கட்டுமா தாயே' என்று கேட்டுவிட்டுத்தான் அவன் இறங்குவான். கட்டினவளிடம் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை. அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"பூவாயி, தொடட்டுமா?"

"நீ அப்பால கேளு. மொதல்ல அந்தக் காயிதத்தக் கிழி. டாக்டரு கேக்கட்டும்."

கிழித்தான். இருபத்திரண்டு வருஷத்தில் டாக்டர் நோயாளிகளிடம் வயசு, ஊர், புருஷன் பெயர் எல்லாம் கேட்டிருக்கிறார், தொடலாமா என்று மட்டும் கேட்டதில்லை. சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"என்னப் பாத்துக் கேளு சார்."

பார்த்தார். "குழந்தையைத் திருப்பணும்மா. தொடலாமா?"

"புள்ளைக்கு இன்னா வேணுமோ அத்த மட்டும் பண்ணு. ஆபரேசன் வேணுமா வேணாமான்னு நான் சொல்லிக்கிறேன்."

இந்தமுறை கை முழுகாமல் தோலிலேயே நின்றது. பதினொன்றே காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்சா என்று பெயர் வைத்தார்கள்.

1979இல் பூவாயி தானாகப் பஸ் ஏறி வந்து, எனக்கு இப்போது ஆபரேஷன் செய்யுங்கள் என்று சொல்லித் தன் கட்டைவிரலை உருட்டினாள். அன்றைக்கும் டாக்டர் கேட்டுவிட்டே தொட்டார். ஒரு சொட்டுகூட நனையவில்லை. அதற்குள் அந்த வார்டில் படுக்கும் எந்தப் பெண்ணையும் கேட்காமல் தொட்டால் கை முழுகும் என்று ஆகியிருந்தது. புதிதாக மாற்றலாகி வரும் டாக்டர்கள் முதல்நாள் மணிக்கட்டுவரை நனைந்து திகைத்து நிற்பார்கள். ஆயா ஆதியம்மாள் வாசல் ஆணியில் தொங்கும் துண்டை எடுத்து நீட்டுவாள்.