முதல் கூடை

திண்டிவனத்தில் சக்கரபாணியின் மல்லாட்டை மில்லில் 1961 வரைக்கும் நிர்வாகம் என்று தனியாக எதுவும் கிடையாது. சத்தம்தான் உண்டு. காலையில் வந்ததும் முதலாளி ஒரு பாட்டம் கத்துவார், சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு பாட்டம் கத்துவார். இடையில் வேலை தன்பாட்டுக்கு நடக்கும். மிஷின் தோலை உடைத்துத் தள்ளும் வேர்க்கடலைப் பருப்பை, பெண்கள் குவியலைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, கல்லையும் சொத்தையையும் பொறுக்கி எறிந்துவிட்டுக் கூடையில் சேர்ப்பார்கள்.

அந்த வட்டத்தில் யாரும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் இருந்தது. மூத்தவள் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கும் முன்னால் இளையவள் எழுந்திருக்கக் கூடாது. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்டால் தெரியாது. மரியாதை என்பார்கள். மூத்தவள் முனியம்மாள். அவளுக்கு நேர் எதிரே அவளுடைய மருமகள் சின்னபொண்ணு.

சின்னபொண்ணின் விரல்கள் பொல்லாத விரல்கள். மற்றவர்களுக்கு முக்கால் கூடை ஆவதற்குள் அவளுக்கு நிறைந்துவிடும். நிறைந்த பிறகு என்ன செய்வது? பருப்பைச் சும்மா அளைந்துகொண்டு மாமியார் எழுந்திருக்கக் காத்திருப்பாள். முனியம்மாளோ கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு பருப்பாகப் புரட்டிப் பார்ப்பாள். நடுவில் நிமிர்ந்து மருமகளை ஒரு பார்வை பார்ப்பாள்.

"இந்தாடி, என்னா மசமசன்னு ஒக்காந்துக்கினு கீறே. கையை ஆட்டு."

ஆறு வருஷம் இந்த வசவு. வேலை இல்லாமல் காத்திருப்பவளைப் பார்த்து வேலை செய்யவில்லை என்று திட்டினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? கணவனிடம் சொல்லலாம் என்றால் அவன் விழுப்புரத்தில் ரயில்வே கூட்செட்டில் மூட்டை தூக்குகிறவன். ஞாயிற்றுக்கிழமை வருவான், தூங்குவான், போவான். சின்னபொண்ணு யாரிடமும் சொல்லாமல் எரிந்துகொண்டிருந்தாள்.

முதலாளியின் மகன் வேங்கடேசன் மெட்ராசில் ஏதோ வகுப்புக்குப் போய்வந்தது அந்த வருஷம்தான். உற்பத்தியைப் பெருக்குவது எப்படி என்பது படிப்பு. கையில் ஒரு ஸ்டாப் வாட்ச்சும், பேச்சில் நிறைய இங்கிலீஷுமாக வந்து இறங்கினான். அப்பாவின் கத்தலை முதலில் நிறுத்தினான். பெண்களுக்குப் பின்னால் நின்று கடிகாரத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். எத்தனை தரம் பார்த்தாலும் எல்லாக் கூடையும் ஒரே நேரத்தில்தான் எழுந்தது.

வேங்கடேசனுக்கு ஏக சந்தோஷம். வேலைக்காரர்கள் கூடிப் பேசிக்கொண்டு வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வார்கள் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது தன் மில்லிலேயே நடப்பதைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தான். வட்டத்தைக் கலைத்தான். ஒவ்வொருத்தியையும் தனித்தனிக் குவியலோடு சுவரைப் பார்த்து உட்கார வைத்தான். அப்படியும் பெண்கள் ஓரக்கண்ணால் முனியம்மாளைப் பார்த்துக்கொண்டே கூடையை நிரப்பினார்கள்.

கடைசியில் ஒரு யோசனை செய்தான். "திங்கக்கிழமை யாரு மொதல் கூடையக் கொண்டாந்து வைக்கிறாங்களோ, அவங்கதான் இனிமே இங்க சூப்பர்வைசர். நாற்காலி உண்டு, மாசச் சம்பளம் உண்டு."

சம்பளத்துக்கு ஆசைப்பட்டு சின்னபொண்ணு அதைச் செய்தாள் என்று பின்னால் ஊரில் பேசிக்கொண்டார்கள். ஊர் பேசியது தப்பு. தான் மசமசப்பு இல்லை என்று ஒரே ஒரு தடவை மாமியார் கண்ணெதிரே காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் நினைத்தது.

திங்கட்கிழமை விரல்களை அவிழ்த்துவிட்டாள்.  முதல் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். முனியம்மாளின் கூடையில் அடி மறையும் அளவுக்குத்தான் பருப்பு இருந்தது. அவளுக்குக் கண் மங்கிப்போய் வெகுநாளாகிறது என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. வழக்கம் அதை மூடி வைத்திருந்தது.

வேங்கடேசன் மனதில் வைத்திருந்த மிச்சத்தையும் சாயங்காலம் சொன்னான். சின்னபொண்ணின் வேகம்தான் இனி அளவு. அதில் பாதிக்கும் கீழே இருப்பவர்களுக்கு வேலை இல்லை. அப்படி இருந்தது ஒரே ஆள்.

"நான் எப்படிங்க சொல்றது? அவங்க எங்க அத்தைங்க" என்றாள் சின்னபொண்ணு.

"மில்லுக்குள்ள அத்தை, மாமியெல்லாம் கெடையாது. சூப்பர்வைசர்தான் சொல்லணும்."

போய்ச் சொன்னாள். "அத்தே, நாளையிலேர்ந்து வரவேணாமாம்." முனியம்மாள் மடியை உதறிக்கொண்டு எழுந்து போனாள். 

அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஆனால் பேச்சு மட்டும் பேத்தி வழியாகத்தான். "ஒங்கம்மாவைத் துன்னச் சொல்லு." "ஒங்கம்மாகிட்ட உப்பு இல்லன்னு சொல்லு." சின்னபொண்ணு நேராக ஏதாவது கேட்டாலும் பதில் குழந்தையைப் பார்த்துத்தான் வரும். மில்லில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சின்னபொண்ணு மற்றவர்களை விரட்டினாள். உற்பத்தி ஏறியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட யாரும் வரவில்லை.

1966இல் வேங்கடேசன் மறுபடியும் மெட்ராசுக்குப் போனான். இந்தத் தடவை வேறு வாத்தியார்கள், வேறு பாடம். மனிதன் மிஷின் இல்லை, கூடியிருந்தால்தான் வேலை செய்வான், அவன் மனசைக் கேட்க வேண்டும் என்றார்கள். வந்ததும் சுவரைப் பார்த்த இருக்கைகளை எடுத்தான். பெண்களை வட்டமாக உட்காரச் சொன்னான். நாற்காலி ஆபீசுக்குப் போனது. சின்னபொண்ணு சம்பளம் குறையாமல் தரைக்கு வந்தாள்.

"முன்ன இப்பிடித்தானே இருந்துச்சு?" என்றார் சக்கரபாணி.

"அப்ப அது பழக்கம்பா. இப்ப இதுக்குப் பேரு சயின்ஸு."

பெரியவருக்கு மறுபடியும் கத்தலாமா என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை.

வட்டம் என்றால் அதில் மூத்தவர்களும் வேண்டும் என்று வேங்கடேசனே வீடு தேடிப் போய் முனியம்மாளைக் கூப்பிட்டான். இதற்குள் அவள் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டிக் கண்ணாடி போட்டிருந்தாள். "வர்றேன் தம்பி" என்றாள்.

அன்று ராத்திரி சின்னபொண்ணு சந்தோஷத்தில் புரண்டு புரண்டு படுத்தாள். மில்லில் குழந்தை கிடையாது. பேசுவதானால் நேராகத்தான் பேசியாக வேண்டும்.

மறுநாள் காலை பழைய இடத்தில் முனியம்மாள், எதிரே சின்னபொண்ணு. பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் முனியம்மாள் கலகலவென்று பேசினாள், ஒருத்தியைத் திட்டக்கூடச் செய்தாள். சின்னபொண்ணு காத்திருந்தாள். தன் பக்கம் ஒன்றும் வராமல் போகவே, வேண்டுமென்றே கையை மெதுவாக்கினாள். ஒரு பருப்பை எடுத்தாள், புரட்டினாள், கீழே போட்டாள், மறுபடி எடுத்தாள். ஐந்து வருஷமாகக் கேட்காத அந்த ஒரு வசவுக்காக அவளுக்குக் காது ஏங்கியது.

முனியம்மாள் நிமிர்ந்தாள். கண்ணாடி வழியாக மருமகளின் கையைப் பார்த்தாள்.

"கை வலிக்குதுங்களா?" என்றாள். "மெதுவாவே பண்ணுங்க. அவசரமில்லீங்க."