நவம்பர் இல்லாத நாட்காட்டி

காலை எட்டரை மணியிலிருந்து ராஜினியும் சாந்தமேரியும் நவம்பர் மாதத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். கிள்ளான் கோயில் ஒன்றுக்காக அவர்கள் வேலை பார்க்கும் பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்தில் அடித்த அறுநூறு நாட்காட்டிகள். தாளைக் கிழித்தால் கம்பிச்சுருளில் துணுக்குகள் சிக்கின. சாந்தமேரி அவற்றைப் புருவம் பிடுங்கும் இடுக்கியால் எடுத்தாள்.

"அடுத்த வருஷம் உங்களுக்குத் தீபாவளி இல்ல. எங்களுக்கு கிறிஸ்மஸ் இருக்கு லா."

ராஜினி சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தின் படத்தை அவள்தான் போட்டிருந்தாள். சிவப்பும் மஞ்சளுமாகக் கார்த்திகைப் பூ. கார்த்திகை பிறக்கும் மாதத்துக்கு அந்தப் பூ. சாலாக் செலாத்தான் வீட்டில் அம்மா தொட்டியில் வளர்ப்பதும் அதுதான். அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. தடை செய்யப்பட்ட இலங்கை இயக்கத்தின் சின்னம் என்று நேற்று வந்த போலீஸ் அதிகாரி சொன்னார். யார் போட்டது என்று எழுதி வாங்க இன்று மூன்று மணிக்கு வருவார்.

"பயப்படாத. பாஸ் கையெழுத்துப் போட்ட பிறகுதானே மெஷின்ல ஏத்துனோம்? அதைக் காட்டு" என்றாள் சாந்தமேரி.

ஒவ்வொரு மாதத்தின் மாதிரித் தாளிலும் முதலாளி ராதாகிருஷ்ணன் பச்சை மையில் ஓரத்தில் கையெழுத்திடுவார். ராஜினி அதைத் துளையிட்டு நீலக் கோப்பில் மாட்டுவாள்.

அதிகாரி மூன்று பத்துக்கு வந்தார். தமிழர்தான். சாதாரணச் சட்டை.

"நீதானா? பூன்னா ரொம்பப் பிடிக்குமோ?"

"அது கார்த்திகை மாசத்துப் பூ சார்."

"ரோஜா இல்லையா, மல்லி இல்லையா? ஸ்ரீலங்காவுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல சார். அம்மாவோட தாத்தா அங்கேருந்து ரயில்வே வேலைக்கு வந்தவரு."

"ஆளைத் தெரியாது, பூவை மட்டும் தெரியும்."

"பாஸ் பாத்து ஓகே பண்ணாரு சார்."

ராதாகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நவம்பர் என்கிட்ட வரவே இல்ல சார். படமெல்லாம் இந்தப் பிள்ளைங்க வேலை."

ராஜினி நீலக் கோப்பை எடுத்து வந்து பிரித்தாள். அக்டோபர். அடுத்தது டிசம்பர். நடுவே, வளையத்தில் ஒரு தாள் துணுக்கு தொங்கியது. அதில் பச்சை மைக் கோடு.

"இதைப் பாருங்க சார்."

"குப்பையைக் காட்டாத. ஐசி கார்டை எடுத்துக்க, ஸ்டேஷன்ல பேசலாம்."

அவள் முதலாளியைப் பார்த்தாள். "பாஸ், நாளைக்கு வேலை?"

"மொதல்ல போயிட்டு வா மா. வேலையெல்லாம் இது முடியட்டும், பாக்கலாம்."

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ராதாகிருஷ்ணன் கோப்பைத் தூக்கி சாந்தமேரியின் மேசையில் வைத்தார்.

"இன்னும் எத்தனை இருக்கு மேரி?"

"நாப்பது பாஸ்."

"இதையும் சேர்த்து க்ளீன் பண்ணிடு."

சாந்தமேரி நீலக் கோப்பை விரித்து, பச்சை மைத் துணுக்கு தொங்கிய இடத்துக்கு வந்தாள். பிறகு இடுக்கியை எடுத்தாள்.