சிக்கனமாகச் சீவியது

வார்டில் எல்லாரும் மாமா என்றழைக்கும் ராவிரியின் நுரையீரலிலிருந்து ஊசி எடுத்து வந்த சதை, பல்லிடுக்கில் சிக்கும் இறைச்சி நார் அளவுதான். ஃபார்மலினில் ஊறி, மெழுகுக் கட்டிக்குள் அடங்கி, கிஸ்பர்ன் ஊர் ஆய்வகத்தில் சதை சீவும் வேலை பார்க்கும் ரோய்மாத்தாவின் கைக்கு வந்தது. கூடவே மாமா சொல்லியனுப்பிய சொல்லும் வந்தது: சோதித்தது போக மிஞ்சுவதைத் திருப்பித் தர வேண்டும், மண்ணில் புதைக்க. பூர்வகுடிகளான மாவோரிகளின் வழக்கப்படி உடம்பின் துணுக்கு எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது. ரோய்மாத்தாவும் மாவோரிதான்.

இத்தனை சின்னச் சதையை ஒரே மூச்சில் சீவிவிட வேண்டும். நோயைக் கண்டறியச் சில சீவல்கள், மரபணுச் சோதனைக்கென்று சாயம் ஏற்றாமல் சில. சீவும் இயந்திரத்திலிருந்து மெழுகுக் கட்டியைக் கழற்றி மறுபடி மாட்டினால் பரப்பு கோணிவிடும். நேராக்குவதற்குள் நல்ல சதை வீணாகும். இதெல்லாம் அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் யாரும் இன்னும் கேட்காத சோதனைக்காக ஒரு மனிதரைச் சீவ அவளுக்கு மனசு வரவில்லை. கேட்டதை மட்டும் சீவிவிட்டுக் கட்டியைக் கழற்றி வைத்தாள். மரியாதை செய்துவிட்ட நிறைவு வேறு!

புற்று என்று உறுதியானது. ஃபியோனா டாக்டர் வந்து நின்றார்.

"மரபணுவுக்கும் அனுப்பணும், ரோய். அதுல ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தா மாத்திரையிலேயே கட்டுப்படுத்தலாம். தனியா சீவி வச்சிருப்பியே?"

"இல்ல டாக்டர்."

டாக்டர் மெழுகுக் கட்டியை எடுத்து அவள் கையில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

மறுபடி மாட்டினாள். நேராகி வருவதற்குள் சதையில் பாதிக்கு மேல் போய்விட்டது. கிடைத்ததை ஆக்லாந்துக்கு அனுப்பினாள். போதவில்லை என்று பதில் வந்தது.

இனி இன்னொரு ஊசிதான். முதல் ஊசியிலேயே காற்று கசிந்து, மாமா நெஞ்சில் குழாயோடு கிடந்தவர். டாக்டர் இதை மாமாவிடம் சொல்லக் கிளம்பியபோது, வழக்கமில்லாத வழக்கமாக ரோய்மாத்தாவும் வார்டுக்குப் போனாள்.

"தப்பு என்னோடது, மாமா. உங்களுக்குத் திருப்பித் தரணுமேன்னு கம்மியா சீவினேன். அதனாலயே எல்லாம் வீணாப்போச்சு. திருப்பித் தரவும் ஒண்ணுமில்ல." சொல்லிவிட்டு அழுதாள்.

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எந்த ஊர்ப் பொண்ணு?"

"ருவாட்டோரியா."

"அதானே பாத்தேன். எல்லாம் கஞ்சப் பயலுக." பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார். "மறுபடி குத்தினா செத்துருவேனா?"

"வாய்ப்பு குறைவுதான். ஆனா இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன்."

மாமா நெஞ்சில் குழாய் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார். பேசியபோது குரல் இறங்கியிருந்தது. "குத்துங்க. பொண்ணே, இந்தத் தடவை மிச்சம் பிடிக்காத. மொத்தத்தையும் சீவிடு. எனக்கு எதுவும் திருப்பி வேணாம். எனக்கு இன்னும் சாகப் பிடிக்கல."

அப்போதே குத்தப்போவது போலச் சட்டைப் பொத்தானில் கை வைத்தார். பொத்தான் கழலவில்லை. ரோய்மாத்தா குனிந்து அதைக் கழற்றிவிட்டாள்.