சென்னியப்பன் வீட்டுக் கடல்

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், ஆழ்துளைக் கிணறு போடும் எருமப்பட்டி போர்வண்டி முதலாளி சென்னியப்பனின் வீட்டின் மேல் மட்டும் கடற்புயல் அடித்தது. காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே தார் ரோடு இளகி செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தென்னை தலைவிரித்து ஆடியது. ஊர்க்காரர்கள் சற்று நின்று பார்த்துவிட்டு, கோழிக்குத் தீவனம் வைக்க நேரமாகிவிட்டதென்று கிளம்பிப் போனார்கள். அவர் மனைவி கோகிலவாணிக்கும் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நனைந்த துணிகளை அள்ளினாள். இந்த மனுசனோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு, இதையும் இவர்தான் காசு கொடுத்து வரவழைத்திருப்பார் என்று தெரியாதா?

விஷயம் இவ்வளவுதான். பங்காளி அன்பழகன் தன் வீட்டு வாசலில் கேமரா மாட்டினான். அன்றிலிருந்து சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஊரில் திருட்டுப் போய் வெகுகாலமாகிறது. கடைசியாகப் போனதும் ஒரு சேவல்தான், அதுவும் தானாகத் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் கோகிலவாணியைக் காரில் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போனார். கடைக்காரர் பாக்கியநாதன் வெயில் தாங்கும் சாதாரண கேமராவைக் காட்டி, நம்ம ஊருக்கு இதுவே போதும் என்றார். சென்னியப்பனின் கண்ணோ மூலையில் கிடந்த பெரிய பெட்டியின் மேல் இருந்தது. அது கேமராவோடு கூடிய காவல் மெஷின், நாகப்பட்டினத்துப் பக்கம் ஒரு கடலோர விடுதிக்காக வரவழைத்து, அவர்கள் வேண்டாமென்று விட்ட சரக்கு. உப்புக் காற்றில் துருப்பிடிக்காது, புயல் வந்தால் கேட்டைத் தானே பூட்டிக்கொள்ளும், புயல் ஓயும்வரை யாருக்கும் திறக்காது.

"இங்க கடலே இல்லீங்களே?" என்றார் பாக்கியநாதன்.

"கருங்கல்லைத் தொளைக்க வாங்குன பிட்டு செம்மண்ணுல எறங்காதா? கடலுக்குத் தாங்குறது எருமப்பட்டிக்குத் தாங்காதா?" என்றார் சென்னியப்பன். பூமியில் துளை போடுகிறவர்களின் புத்தி அது. எதை வாங்கினாலும் பாறைக்கு வாங்குவார்கள். பாக்கியநாதனும், கிடந்த சரக்கு போனால் சரி என்று பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தார். கோகிலவாணி வழி நெடுக ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

மாட்டிய நாளிலிருந்து மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டி, "காற்றில் உப்பு இல்லை. கடலைக் காணவில்லை" என்று ஒரு பெண் குரலில் புலம்பியது. டீக்கடையில் அன்பழகன், "ஏண்ணா, கடல் வந்துருச்சுங்களா, வழியில இருக்குதுங்களா?" என்று கேட்டான். கடையே சிரித்தது. சென்னியப்பன் சிவந்த முகத்தோடு வீட்டுக்கு வந்து, சாயங்காலமானால் மொட்டை மாடியில் ஏறிக் கிழக்கே பார்த்து நிற்க ஆரம்பித்தார். அவர் பார்த்துப் பார்த்துத்தான் கடைசியில் கடல் வந்தது. முதலில் கருவாட்டு வாடை, அப்புறம் கிரில் கம்பியில் உப்பு, பாத்ரூமில் நண்டு, ஒரு காலையில் புயலே வந்து வீட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. மெஷின் பச்சை விளக்கைக் காட்டிக் கேட்டைப் பூட்டியது.

"பாத்தியா புள்ள, எப்படித் தாங்குது!" என்று சென்னியப்பன் நனைந்த சட்டையோடு மார்தட்டினார்.

த்தூ, என்று வந்தது கோகிலவாணிக்கு. புயலைக் கொண்டுவந்ததே அந்தச் சனியன். அது இருக்கிறவரை புயல் ஓயாது, புயல் ஓயாதவரை அது கேட்டைத் திறக்காது. பால்காரர் சுவருக்கு மேலே பாக்கெட்டை வீசிவிட்டுப் போனார். அதையெல்லாம் கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் திருச்செங்கோட்டில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் மோகனப்பிரியாவுக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரவேண்டிய நேரம். சம்பந்தியம்மாள் போனில், "புயலடிக்கற ஊட்டுக்குப் புள்ளத்தாச்சிய எப்படிங்க அனுப்பறது?" என்று இழுத்தாள். மகளோ, "நான் அம்மாகிட்டத்தான் போவேன்" என்று அழுதாள்.

"ஏனுங்க, அதைக் கழட்டி எறியுங்க. புள்ள வரோணும்" என்றாள் கோகிலவாணி.

"கழட்டுனா அன்பழகன் சிரிப்பான்" என்றார் அந்த ஆண்சிங்கம்.

மகள் அழுத அழுகையில் சம்பந்தியம்மாள் இறங்கிவந்து, ஒரு நல்ல நாளில் அவளைக் காரில் கூட்டிவந்தாள். கொதிக்கிற ரோட்டில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மகள் நின்றாள். கேட்டுக்கு இந்தப் பக்கம், முழங்கால் தண்ணீரில், அணைந்துபோன ஆரத்தித் தட்டோடு தாய் நின்றாள். கேட் திறக்கவில்லை. சென்னியப்பன் மெஷினோடு வந்த புத்தகத்தைக் குடைக்குள் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். மகளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சம்பந்தியம்மாள் அவளைத் தாங்கிப் பிடித்து, "போதும் சாமி, நம்மூட்டுக்கே போயரலாம்" என்று காரின் பக்கம் திருப்பினாள்.

"அம்மா!" என்றாள் மோகனப்பிரியா.

கோகிலவாணி தட்டைத் தண்ணீரில் போட்டாள். ஷெட்டில் கிடந்த, குழாய் முடுக்கும் பைப் ரிஞ்சை, போர்வண்டி ஆட்கள் இருவராகத் தூக்குவதை, ஒற்றைக் கையில் எடுத்துவந்து மெஷினின் மூஞ்சியில் ஓங்கிப் போட்டாள். "புயல் எச்சரிக்..." என்றது அது. இன்னொரு போடு போட்டாள். காற்று நின்றது. கேட் மெல்லத் திறந்தது. மகள் ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இருவரும் தண்ணீரில் நின்று ஓவென்று அழுதார்கள்.

புயல் போனதே தவிர கடல் போகவில்லை. திரும்பிப் போக வழி தெரியாமலோ என்னவோ, கணுக்கால் அளவுக்கு வாசலிலேயே தங்கிவிட்டது. உள்ளே வந்த சம்பந்தியம்மாள், கடற்காற்று மேலே பட்டதும், "அப்பாடா, அங்க வெந்து சாவறமுங்க" என்று நாற்காலி போட்டு உட்கார்ந்தவள், பேரன் பிறந்து பெயர் வைக்கிறவரை கிளம்பவில்லை. குழந்தை அலைச் சத்தத்தில் நன்றாகத் தூங்கினான். பார்க்க வருகிறவர்களிடம் கோகிலவாணி, செருப்பை உயரத்தில் வையுங்கள், அலை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று மட்டும் சொன்னாள்.

சென்னியப்பன் டீக்கடையில், மெஷின் தன் உயிரைக் கொடுத்து வீட்டைக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதற்குள் அன்பழகன் இன்னொரு கேமரா மாட்டிவிட்டான். மறுவாரமே சென்னியப்பன் சேலத்துக்குக் கிளம்பினார். இமயமலைப் பக்கத்துக்கென்று செய்த மாடல் ஒன்று பாக்கியநாதன் கடையில் கிடக்கிறதாம். எத்தனை பனி கொட்டினாலும் தாங்குமாம்.

கோகிலவாணி மடியில் பேரனைப் போட்டுக்கொண்டு, அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தடுக்கவில்லை.

"வாரப்ப புள்ளைக்கு ஒரு கம்பளிக் குல்லா வாங்கிட்டு வாங்க" என்றாள்.