பங்காளி என்கிற எலி

1

என்னிடம் கேட்டது சிரிப்புக் கதை. "ஆராய்ச்சிக்கூடம், எலி, ஒரே பக்கம். ஜாலியா இருக்கட்டும்" என்றார் பத்திரிகை ஆசிரியர். சரக்குத் தேடி ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனேன். மூளைக்கட்டியை ஆராயும் ஒருத்தி அங்கே எலிக்கூண்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எலியைப் பற்றிக் கேட்டேன். தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள்.

2

முதல் தொடக்கம்: 'இளவெயில் ஜன்னல் வழியே எலிகளின் மேல் விழுந்த ஒரு காலை...'

(அடித்துவிட்டேன். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.)

இரண்டாவது தொடக்கம்: தம்பிக்கு மூளையில் கட்டி. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியில் ஒரு துளியை, அவன் சம்மதத்தோடு, சில எலிகளின் மூளையில் வளர்த்தார்கள். புது மருந்தை முதலில் அவற்றுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் அல்லவா? அங்கே எலிக்குப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. காதில் ஒரு வெட்டுக்குறி, அவ்வளவுதான். இடது காதில் வெட்டுள்ள எலியின் படத்தை அக்கா ஒருநாள் தம்பிக்கு அனுப்பினாள். செய்திருக்கக் கூடாது. அவன் பெயர் வைத்துவிட்டான்.

"என் சொத்துல பங்கு வாங்கினவன்தானே? பங்காளி."

(இதோடு நிறுத்தியிருந்தால் ஆசிரியர் மகிழ்ந்திருப்பார்.)

3

அன்றிலிருந்து தினமும் ஒரு படம், ஒரு ஃபோன்.

"என்னக்கா, பங்காளி எப்படி?"

"மருந்து ஏறினதுலேர்ந்து உன்னை மாதிரியே தின்னுட்டுத் திரியுறான்டா."

"பின்னே? நம்ம வம்சமாச்சே."

அந்த மருந்துக்குப் பயந்து மறுத்துக்கொண்டிருந்தவன், பங்காளியை நம்பித் தலையாட்டினான். அடுத்த திங்கட்கிழமை அவனுக்கு முதல் ஊசி.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பங்காளி கூன் விழுந்து மூலையில் ஒண்டியிருந்தது. ரோமம் சிலிர்த்து, எடை இறங்கி. அந்த நிலைக்கு வந்த எலியை வலியோடு விட்டுவைக்கக் கூடாது என்பது விதி. மயக்கம் கொடுத்து, அக்காவே அதை முடித்தாள். அதே மருந்து ஏறிய மற்ற எலிகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் தம்பிக்குத் தெரிந்தது ஒரே எலி.

4

வீட்டில் உட்கார்ந்து நான் செய்துபார்த்த முடிவுகள்:

அ. வேறோர் எலியின் படத்தை அனுப்புகிறாள். (காதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவான். அந்தக் காதிலும் வெட்டுக்குறி போட அவள் கத்தரியை... இல்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

ஆ. "எலி வேற, மனுஷன் வேறடா" என்கிறாள். (முழு உண்மை. அவள் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் பங்காளி ஓடியாடித் திரிந்தபோது இதை அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இன்றைக்குச் சொன்னால் எடுபடுமா?)

இ. அவள் ஃபோனை எடுக்காமல்

5

எடுத்தாள். நான் போனதே அந்த வெள்ளிக்கிழமைதான். அவள் துடைத்துக்கொண்டிருந்தது பங்காளியின் கூண்டு. கையுறையோடு, விரல் மூட்டால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"இன்னைக்குப் படம் வரலையேக்கா."

அவள் கூண்டைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"போயிட்டானா?"

"ம்."

"வலிச்சுதா அவனுக்கு?"

"இல்லடா. நான் விடல."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி. திங்கக்கிழமை நான் போகவா, வேண்டாமா? நீ சொன்னா கேக்கறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். வாரா வாரம் வாக்கியம் விற்றுப் பிழைக்கிறவன் நான். ஒன்றுகூட வரவில்லை. வெளியே வந்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன்.

ஆகவே அவள் சொன்ன பதில் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் ஒரு தம்பி இருக்கலாம். மற்ற எலிகள் நன்றாக இருக்கின்றன, பங்காளி இல்லை. இரண்டும் உண்மை. எதை முதலில் சொல்வீர்கள்?

அவன் லைனில்தான் இருக்கிறான்.