கால் எட்டாத வண்டி

பல் டாக்டரின் வீட்டு வாசலில் நின்றபோது கண்ணாடிக் கடைக்காரரின் வாயில் ஒரு பொய் தயாராக இருந்தது. வழி நெடுக அதைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார். "வீட்ல ஸ்கூட்டர் இருக்கு. இது ரெண்டாவது வண்டி. வாரக்கடைசியில ஊர் சுத்தலாம்னு ஒரு ஆசை."

உண்மையைச் சொல்லிப் பார்த்து முந்தின நாளே பட்டாயிற்று. புது வண்டி விற்கிற ஷோரூமில் ஒரு இளைஞன் அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, மேனேஜரைக் கூப்பிட்டான். மேனேஜர் அவர் தோளில் கை வைத்து, "ரோடு திறக்கட்டும் சார், மனசை விட்டுடாதீங்க" என்றார். வண்டி வாங்க வந்தவரைத் துக்கம் விசாரித்து அனுப்பிவிட்டார்கள்.

அவருடைய ஒரே மகள், மலைக்கு மேலே அணை கட்டுகிற இடத்தில், வேலையாட்களுக்காகப் போட்ட சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. 'வார்டுல ஒழுகுதும்மா, பக்கெட் வெச்சிருக்கோம்' என்று கடைசியாக ஒரு செய்தி வந்தது. அன்று மலைச்சரிவு ஒன்று அப்படியே பெயர்ந்து கீழே வந்தது. ரோடு போயிற்று, செல்போன் கோபுரம் போயிற்று. மேகம் கலையாததால் ஹெலிகாப்டரும் போக முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் பாதி இல்லை என்று டிவியில் ஒருவர் சொன்னார். எந்தப் பாதி என்று சொல்லவில்லை.

கண்ணாடிக்காரர் யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அடைபட்ட ரோட்டுக்கு முன்னால் பிரிகிற, மரம் ஏற்றும் லாரிகளுக்கான பழைய காட்டுப் பாதையில் ஏறினார். முதல் வளைவிலேயே சேறு ஸ்கூட்டரை வயிறு வரை விழுங்கியது. அவர் அதை இழுத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோது, உயரமான இரண்டு மோட்டார் சைக்கிள்கள் சேற்றைப் பிளந்துகொண்டு அவரைத் தாண்டிப் போயின. நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த, குதிரை மாதிரி நிமிர்ந்து நிற்கிற வண்டிகள். பின்னால் மருந்துப் பெட்டிகள் கட்டியிருந்தன. "தம்பி, என்னையும் ஏத்திக்கோங்க" என்று கத்தினார். "இடமில்லங்க" என்ற குரல் மட்டும் திரும்பி வந்தது. ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு நடந்து இறங்கினார். அந்த மாதிரி வண்டி ஒன்று வேண்டும் என்பதைத் தவிர அதற்குப் பிறகு அவர் தலையில் வேறு எதுவும் ஓடவில்லை.

பல் டாக்டர் கதவைத் திறந்தார். பெரிய உடம்பு. இடுப்பில் பட்டை பெல்ட். நடையில் ஒரு கோணல்.

"விளம்பரம் பார்த்துட்டு வந்தீங்களா? வாங்க, வாங்க. ரெண்டாவது வண்டியாத்தானே?"

"ஆமாங்க. வாரக்கடைசியில..."

"அதைச் சொல்லுங்க! ஆபீஸுக்கு ஒண்ணு, ஆத்மாவுக்கு ஒண்ணு!" டாக்டர் உற்சாகமாகி ஷெட்டின் ஷட்டரைத் தூக்கினார். வண்டி துணி போர்த்தி நின்றது. துணியை உருவியதும் கண்ணாடிக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். அதே உயரம். டேங்கைச் சுற்றி இரும்புக் கம்பிகள், இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டிகள். டயரில் புதிதாக வரும்போது இருக்கிற ரப்பர் முள் கூட உதிரவில்லை. பாலைவனம், பனிமலை, கண்டம் விட்டுக் கண்டம் என்று டாக்டர் திட்டம் போட்டிருந்தாராம். வண்டி அதிகபட்சம் போனது மாமியார் வீட்டுக்கு. பிறகு முதுகில் டிஸ்க் விலகிவிட்டது.

"சஸ்பென்ஷன் பாருங்க, அமுக்கிப் பாருங்க. சீட்டைச் சூடாக்கிக்கலாம். கையுறை வாங்கிட்டீங்களா? பூட்ஸ்? பூட்ஸ்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க."

"சரிங்க. சாவியைக் குடுத்தீங்கன்னா..."

"என்ன அவசரம்? உட்காருங்க, காபி சாப்பிடலாம். சொல்லுங்க, முதல் டூர் எங்க?"

கண்ணாடிக்காரர் சிரிக்கப் பார்த்தார். முகம் கோணியது. "மலைக்கு."

"ஐயோ, இப்பப் போயிடாதீங்க! நியூஸ் பார்க்கலையா? ரோடு மொத்தமும் போச்சு. மேல இருக்கிறவங்க கதி என்னன்னே..."

அவ்வளவுதான். கண்ணாடிக்காரர் அப்படியே ஷெட்டின் தரையில் உட்கார்ந்துவிட்டார். பழகி வந்த பொய் எங்கே போனதென்று தெரியவில்லை. "என் பொண்ணு மேல இருக்கா டாக்டர்" என்றார். அதற்கு மேல் வந்ததெல்லாம் வேறு சத்தம்.

டாக்டர் பக்கத்திலிருந்த பெயின்ட் டப்பாவின் மேல் மெல்ல உட்கார்ந்தார். பிறகு, "ஏறி உட்காருங்க, பார்ப்போம்" என்றார்.

கண்ணாடிக்காரர் குள்ளம். அவர் கல்யாணத்தன்றே சொந்தக்காரர்கள் 'ஏணிக்கும் முக்காலிக்கும் கல்யாணம்' என்று சிரித்தவர்கள். ஏணி அவர் மனைவி. வண்டியில் ஏறியதும் அவர் கால்கள் இரண்டு பக்கமும் காற்றில் தொங்கின. ஒரு பக்கம் சாய்ந்து ஒரு காலின் நுனியை ஊன்றினார். வண்டி அந்தப் பக்கமே இன்னும் கொஞ்சம் சாய்ந்தது, பிறகு நிற்கவேயில்லை. அவரையும் இழுத்துக்கொண்டு டமாலென்று விழுந்தது.

தூக்கி நிறுத்துகிற வித்தையை டாக்டர்தான் சொல்லிக் கொடுத்தார். வண்டிக்கு முதுகைக் காட்டி, குந்தி உட்கார்ந்து, கால் பலத்தில் எழ வேண்டும். எழுந்தாயிற்று. ஆனால் டாக்டர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"நான் விக்கலைங்க. மன்னிச்சுக்கோங்க."

"கேட்டதைத் தர்றேன்."

"பணமாங்க இப்ப பேச்சு? உங்களைச் சாகறதுக்கு அனுப்பிட்டு நான் இங்க யாருக்குப் பல்லைப் பிடுங்கிட்டு உட்கார்ந்திருக்கிறது?"

கண்ணாடிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டரின் காலைத் தொடவும் குனிந்தார். டாக்டர் பதறி விலகியதில் அவருடைய முதுகு பிடித்துக்கொண்டது. இருவருமே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வேறு வழியில்லாமல்தான் கண்ணாடிக்காரர் தன் மனைவிக்குப் போன் செய்தார்.

அவள் கார் ஓட்டப் பழக்குகிற பள்ளியில் பயிற்சியாளர். 'பிரேக்! பிரேக்!' என்று அவள் போடுகிற சத்தத்தில் ஊரே அவளுக்கு பிரேக்கம்மா என்று பெயர் வைத்திருந்தது. கூரையில் பயிற்சிப் பலகை மாட்டிய காரோடு வந்து இறங்கினாள். அழுது வீங்கிய முகம். சீட்டைப் பார்த்தாள், புருஷனின் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது.

"தனியாப் போகலாம்னு பார்த்தீங்களா? அவ உங்களுக்கு மட்டும்தான் பொண்ணா?"

"உன்னையும் எப்படிம்மா..."

"தள்ளுங்க."

காலைத் தூக்கிப் போட்டு ஏறினாள். இரண்டு பாதங்களும் தரையில் பதிந்தன. டாக்டர் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். சின்ன வயதில் அப்பாவின் கியர் வண்டியை ஓட்டியதுதான், பிறகு தொட்டதில்லை. "கிளட்ச் கல்லு மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தாள். முதல் தடவை வண்டி திணறி நின்றது. இரண்டாவது தடவை தெருக்கோடி வரை போய், வட்டமடித்துத் திரும்பி வந்தாள்.

டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்த் தன் ஹெல்மெட்டையும், ஒரு தடவைகூடப் போடாத பூட்ஸையும் கொண்டுவந்தார். "உங்களுக்குப் பெருசா இருக்கும். சாக்ஸ் ரெண்டா போட்டுக்கோங்க" என்றார்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். அவள் முன்னால், அவர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. தூறல். காட்டுப் பாதையில் ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் மட்டும் சேற்றுக்கு மேல் தெரிந்தது. வண்டி வழுக்கியது, திமிறியது, ஆனால் ஏறியது. பள்ளியில் மாணவர்களிடம் சொல்வதையெல்லாம் அவள் தனக்கே உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். "பள்ளத்தைப் பார்க்காதே. போற இடத்தைப் பாரு. கையை இறுக்காதே. பாரு, பாரு, போற இடத்தைப் பாரு." கடவுளைக் கூப்பிடுவது போல இருந்தது அது.

பாதையின் குறுக்கே ஒரு ஓடை புதிதாக உண்டாகியிருந்தது. நடுவில் முன்சக்கரம் ஒரு கல்லில் ஏறிச் சறுக்கியது. அவள் ஒரு பக்கம் தெறித்தாள். வண்டி அவர் காலின் மேல் விழுந்தது. கணுக்காலில் ஏதோ முறிகிற சத்தத்தைத் தண்ணீரின் இரைச்சலுக்கு மேல் அவரே கேட்டார்.

அவள் முதுகைக் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியைத் தூக்கினாள். புருஷனைக் கரைக்கு இழுத்தாள். மேட்டில் மரம் வெட்டுகிறவர்களின் தகரக் கொட்டகை ஒன்று காலியாக இருந்தது. அதற்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவர் இரண்டு முறை மயங்கிவிட்டார்.

"திரும்பிடலாம்" என்றாள். "இந்தக் காலோட உங்களை இங்க எப்படிங்க விட்டுட்டுப் போவேன்?"

"நான் உசுரோட இருக்கேன், கண்ணால பார்க்கிறே. அவ இருக்காளான்னு தெரியலையே. போ."

"என்னால முடியாதுங்க."

"போன்னா போ!" கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளை அப்படி அதட்டியதில்லை. அவள் தண்ணீர் பாட்டிலையும் பிஸ்கட்டையும் அவர் மடியில் வைத்தாள். தன் மழைக்கோட்டைக் கழற்றிப் போர்த்தினாள். திரும்பிப் பார்க்காமல் போனாள். வண்டிச் சத்தம் மேலே ஏறி ஏறிச் சிறுத்து, மழைச் சத்தத்தில் கரைந்தது.

அதன் பிறகுதான் அவருக்குத் தான் செய்தது உறைத்தது. அதுவரை ஒருத்தியைப் பற்றிய பயம்; இப்போது இரண்டு பேர். எங்கேயோ ஒரு மரம் முறிந்து விழுந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் மலை இறங்கி வருகிறது என்று உடம்பு விறைத்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார், மகளை ஒரு தடவை, மனைவியை ஒரு தடவை. 'இவளையும் நானே அனுப்பிவிட்டேனே' என்று தலையைத் தகரத்தில் முட்டிக்கொண்டார். வலி மேலே வந்தபோது அது நல்லதாகக்கூட இருந்தது. வேறு எதையும் நினைக்க விடவில்லை.

வெளிச்சம் சாயத் தொடங்கிய நேரத்தில் சத்தம் கேட்டது. முதலில் நம்பவில்லை. அப்புறம் கொட்டகை வாசல் வரை முழங்கையால் ஊர்ந்தார்.

வண்டியில் மூன்று பேர் இருந்தார்கள். மனைவியின் முதுகோடு படுக்கை விரிப்பால் கட்டப்பட்ட ஒரு சின்னப் பெண். அவளுக்குப் பின்னால், அவளை அணைத்தபடி, ஒல்லியான ஒரு பெண். அது மகள் இல்லை. யாரோ.

கண்ணாடிக்காரருக்குக் கண் இருட்டியது.

"இருக்கா!" மனைவி இன்ஜினை அணைக்காமல் கத்தினாள். "இருக்காங்க! கையில கட்டு போட்டிருக்கா, நல்லாத்தான் நடக்கிறா. என்னைக் கண்டதும் கட்டிக்கிட்டா. அடுத்த நிமிஷமே வண்டியைப் பார்த்துட்டா."

"ஏன் கூட்டிட்டு வரல? எங்க அவ?"

"வரமாட்டேன்னுட்டா. வார்டுல பாதி இல்ல, மீதியில முப்பது நாப்பது பேர் படுத்திருக்காங்க. டாக்டர் இல்ல. இந்தக் குழந்தைக்குக் குடல்வால் வெடிச்சிடுச்சாம், இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணுமாம். இது ஆஸ்பத்திரிச் சமையல்காரர் பொண்ணு, இது அவ அம்மா. 'அம்மா, நீ கொண்டு போ'ன்னு என் முதுகுல கட்டிவிட்டுட்டா." பாக்கெட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை அவர் பக்கம் எறிந்தாள். "வலி மாத்திரை. 'அப்பா தாங்கமாட்டாரு, ஊரையே கூட்டிடுவாரு, ரெண்டா போட்டுக்கச் சொல்லு'ன்னா."

அவர் சிரித்தாரா அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லை. மனைவியின் பூட்ஸைப் பிடித்துக்கொண்டார். "என்னையும் கூட்டிட்டுப் போயிடும்மா. ஒரு ஓரமா தொத்திக்கிறேன். இங்க இருக்க முடியல." இடமில்லை என்று அவருக்கே தெரியும். இருந்தும் பிடியை விட மனம் வரவில்லை.

சின்னப் பெண் முனகினாள். பெரிய அழுகை இல்லை, அழுது முடித்தவளின் முனகல். பின்னால் இருந்த தாய் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடிக்காரர் கையை எடுத்தார்.

இருட்டிய பிறகு காட்டிலாகா ஆட்கள் ஒரு பலகையோடு வந்து அவரைக் கீழே இறக்கினார்கள். மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். பலகையில் படுத்தபடியே அவர் எதிரே ஏறி வருகிற விளக்கைப் பார்த்தார். குழந்தையை ஆபரேஷன் மேஜையில் சேர்த்துவிட்டு, பெட்டிகளில் ரத்தமும் மருந்தும் நிரப்பிக்கொண்டு அவள் திரும்ப ஏறிக்கொண்டிருந்தாள். நிற்கவில்லை. நின்றால் ஏற்றத்தில் மறுபடி எடுப்பது கஷ்டம். தலையை மட்டும் அவர் பக்கம் அசைத்தாள்.

ரோடு திறக்கிற வரை அவள் அந்தப் பாதையில் ஏறி இறங்கினாள். மாவுக்கட்டுப் போட்ட காலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அவர், அவள் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வண்டிச் சத்தம் தேயும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் திட்டினார். சமையல்காரரின் பெண் அடுத்த வார்டில்தான் இருந்தாள். தையலைக் காட்டட்டுமா என்று அவரிடம் வந்து கேட்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். மனைவி கொண்டுவந்த நோயாளிகள் எல்லாரும் அப்படித் தேறவில்லை. ஒரு முறை பின்சீட்டில் இருந்தவர் பாதி வழியிலேயே போய்விட்டார்; அவர் மேல் விரிப்பை முழுக்க மூடி, தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவள் இறங்கி வந்தாள்.

மகள் இறங்கவேயில்லை. மேலே செல்போன் வேலை செய்ய ஆரம்பித்ததும் ஒரு தடவை பேசினாள். "அப்பா, வண்டியை இங்கயே விட்டுடச் சொல்லுங்க. எனக்கு வேணும்" என்றாள். அவள் குரல் அவருக்கு அடையாளமே தெரியவில்லை, அவ்வளவு கரகரத்திருந்தது. "எப்ப வருவே கண்ணு?" என்று கேட்பதற்குள் யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள்.

வண்டியை மேலேயே விட்டுவிட்டு மனைவி ஒரு ராணுவ லாரியில் இறங்கி வந்தாள். கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது கை விரல்கள் கொக்கி போல மடங்கி நின்றுவிட்டன. கஞ்சி டம்ளரை அவளால் பிடிக்க முடியவில்லை. அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு அவளுக்குப் புகட்டினார். பாதியிலேயே, வாயில் கஞ்சியோடு, அவள் தூங்கிப்போனாள். அவர் அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்தத் தொடங்கினார். ஜன்னலுக்கு வெளியே மறுபடி தூற ஆரம்பித்திருந்தது.