பதினோராவது நிபந்தனை

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ரெண்டுதரம் சிஸ்டர். டாக்டர் எதைச் சொன்னாலும் அதை அப்படியே திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டு, தலையாட்டிய பிறகுதான் மருந்து அலமாரியைத் திறப்பாள். அவசரக்காரர்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் பதினெட்டு வருஷத்தில் அவள் கையால் ஒரு மருந்துகூட ஆள் மாறிப் போனதில்லை என்பதால், முதுகுக்குப் பின்னால் பெயர் வைத்ததோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நாற்பத்து மூன்று வயதில் அவளுக்குப் பட்டம் வாங்கும் ஆசை வந்தது. ஆசை என்பதைவிட ரோஷம் என்று சொல்லலாம். அவள் படித்தது மூன்று வருஷ டிப்ளமோ. அதை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் தேய்ந்தாலும் வார்டின் பொறுப்பு நர்ஸ் நாற்காலி கிடைக்காது; அதற்கு பி.எஸ்ஸி. வேண்டும். போன மாதம் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள், புதிதாகச் சேர்ந்தபோது ஊசி போட நரம்பு கிடைக்காமல் இவளைத்தான் கூப்பிடுவாள். நல்ல பெண்தான், மரியாதையிலும் குறை வைக்கவில்லை. டியூட்டி பட்டியலை அக்காவே போட்டுக் கொடுத்துவிட்டால் தான் கையெழுத்துப் போட்டுவிடுவதாகச் சொன்னாள். அந்த மரியாதைதான் சுருக்கென்று தைத்தது.

வேலையில் இருக்கும் நர்சுகளுக்கென்றே ஒரு கல்லூரி இரண்டு வருஷப் பட்டப்படிப்பு நடத்திவந்தது. விண்ணப்பத்தோடு வந்த நிபந்தனைத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்து, ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தாள். மூன்று வருஷ மதிப்பெண் பட்டியல் தகரப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. நர்சிங் பதிவுச் சான்று காலாவதியாக ஆறு வாரம்தான் பாக்கி; அதைப் புதுப்பிக்கப் போன இடத்தில் அப்பா பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்று இரண்டுதரம் அலையவிட்டார்கள். இரண்டு வருஷ வார்டு அனுபவம் கேட்டிருந்தார்கள். அவளிடம் அது ஒன்பது பங்கு இருந்தது. வயது நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது. ஆஸ்பத்திரியின் தடையில்லாச் சான்று வேண்டும். மேட்ரன் மூக்கால் அழுதுகொண்டேதான் கையெழுத்துப் போட்டார். ஆனால் எழுதியது நன்றாகவே இருந்தது. சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்ளும் அரிய பழக்கம் உடையவர் என்று தனி வரியே போட்டிருந்தார்.

மிச்சமிருந்தது பதினோராவது. உடல்தகுதிச் சான்று, கண் மற்றும் செவிப் பரிசோதனை அறிக்கையுடன். செவித்திறன் இரு பக்கமும் இயல்பாக இருத்தல் வேண்டும்.

அந்த ஒரு வரியை மட்டும் அவள் மூன்று வாரம் தொடவில்லை. வேலை நெருக்கடி என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போதுதான், சாப்பாட்டு இடைவேளையில், தன் ஆஸ்பத்திரியிலேயே இருந்த செவிப் பரிசோதனை அறைக்குப் போனாள்.

அங்கே இருந்த டெக்னீஷியன் தெரிந்த பையன். பையன் என்றால் முப்பத்தைந்து வயது, இரண்டு குழந்தைக்குத் தகப்பன். அவன் அம்மா இடுப்பெலும்பு ஒடிந்து இவளுடைய வார்டில் ஒன்றரை மாதம் கிடந்தபோது, ஒரு படுக்கைப் புண்கூட வராமல் எழுப்பி நடக்கவைத்து அனுப்பியவள் இவள். அக்கா வாங்க என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு. காதில் கனமான ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, எவ்வளவு மெல்லிசாகக் கேட்டாலும் அமுக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவன் தோளும் முழங்கையும் தெரிந்தன. வலது காதில் கீச்சென்றும் கும்மென்றும் வந்ததற்கெல்லாம் தட்டாமல் அமுக்கினாள். பிறகு இடது காதுக்கு மாற்றினான்.

ஒன்றும் வரவில்லை. காத்திருந்தாள். பஞ்சுச் சுவர் நெருங்கி வருவதுபோல் இருந்தது. ஜன்னலைப் பார்த்தாள். அவன் முழங்கை லேசாக அசைந்தது. சத்தம் கொடுக்கிறான் என்று புரிந்தது. அமுக்கினாள். மறுபடி அசைந்தது. மறுபடி அமுக்கினாள். பரீட்சையில் பக்கத்துப் பெண்ணின் தாளை எட்டிப் பார்க்காதவள் அவள். இப்போது ஒரு முழங்கையைப் பார்த்துக் காப்பியடித்துக்கொண்டிருந்தாள்.

ஏழெட்டு முறை ஆன பிறகு டெக்னீஷியன் கதவைத் திறந்து இடது பக்கத்தில் வந்து நின்றான். அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவன் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவன் மெதுவாகச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தான்.

"அக்கா, நான் அந்தப் பக்கம் நின்னு கிசுகிசுன்னு ஒரு கேள்வி கேட்டேன். நீங்க பதில் சொல்லலை."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைசி மூன்று தடவை சத்தமே கொடுக்காமல் கையை மட்டும் அசைத்ததாக அவன் சொன்னான். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. காதுக்குள்ளே நரம்பு போயிருக்கிறது, பல வருஷமாகவே இருக்கலாம், கருவி வைத்தால் நன்றாகவே கேட்கும் என்று விளக்கினான். பிறகு வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். அறிக்கையில் இயல்பு என்று போட்டுத் தருவதாகவும், கல்லூரியில் யாரும் மறுபடி சோதிக்கப் போவதில்லை என்றும், அம்மாவுக்கு அவள் செய்ததற்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்றும் சொன்னான்.

"காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடலாம்கா."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தாள்.

அவளுக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், வலது கையில் பேனா இருந்ததால் போனை இடது தோளில் இடுக்கிக்கொண்டு, சர்க்கரை நோயாளி ஒருவருக்கான இன்சுலின் அளவை டாக்டரிடம் கேட்டு எழுதினாள். ஃபிஃப்டி என்று காதில் விழ, ஐம்பது என்று எழுதிவிட்டாள். எழுதிய பிறகு ஏதோ உறுத்தி, அஞ்சு சைபரா என்று கேட்டாள். டாக்டர் அலறினார். அவர் சொன்னது ஃபிஃப்டீன், பதினைந்து. அன்றைக்கு அந்த மனிதர் தப்பித்தார். அன்றிலிருந்து அவள் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தாள். உலகம் அதை நிதானம் என்றது, மேட்ரன் அரிய பழக்கம் என்றார். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவளே கிளறிப் பார்க்காமல் வைத்திருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் லிப்ட் பழுதுபார்க்கிறவர், எதையும் நட்டைக் கழற்றிப் பார்க்காமல் பேசமாட்டார். துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலேயே, நாலு வருஷமாகத் தனக்குத் தெரியும் என்றார். அதனால்தான் தெருவில் நடக்கும்போது எப்போதும் அவளுக்கு வலது பக்கமாக வருவதாகவும் சொன்னார். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"தெரிஞ்சும் ஏங்க ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னேனே. ரெண்டுதரம் சொன்னேன். அந்தப் பக்கம் நின்னு சொல்லிட்டேன் போலிருக்கு."

பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் அறைக்குள்ளிருந்து கெக்கெக்கென்று சிரித்தாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. வீடே கூடி அவளைச் சுற்றி ஒரு பந்தல் போட்டு வைத்திருந்தது, அவளுக்குத்தான் அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை.

அவர் யோசனை எதுவும் சொல்லவில்லை. பொய்ச் சான்றை வாங்காதே என்றும் சொல்லவில்லை, வாங்கு என்றும் சொல்லவில்லை. எடை கூடினால் லிப்டில் மணி அடிக்கும், அந்த ஒயரை வெட்டிவிடச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பொதுவாகச் சொல்லிவிட்டு, மடித்த துணியை அலமாரியில் வைக்கப் போனார்.

மறுநாள் டெக்னீஷியனிடம் போய், இருப்பதை இருக்கிறபடி எழுதச் சொன்னாள். அவன் மறுபடி யோசிக்கச் சொன்னான். இப்படி எழுதினால் விஷயம் மேட்ரன் வரைக்கும் போகும் என்று எச்சரித்தான். தானே போய்ச் சொல்லப்போவதாக அவள் சொன்னாள். காது-மூக்கு-தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, இடது காதில் கருவி அணிந்தால் பணிக்குத் தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை மேலே வைத்தே விண்ணப்பத்தைக் கடைசி நாளன்று கொடுத்தாள். கவுன்ட்டரில் இருந்த கிளார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டுமுறை படித்தார். இந்த மாதிரி ஒன்று இதுவரை வந்ததில்லை, வாங்கிக்கொள்ளலாமா கூடாதா என்று தனக்கே தெரியவில்லை என்றார். பிறகு முத்திரையைக் குத்திவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நடந்தது அவ்வளவு சுலபமாக இல்லை. மேட்ரன் முகம் சுண்டிப்போய்விட்டது. இத்தனை வருஷம் எத்தனை ஆபத்து என்று கேட்டார். கருவி வந்து சேரும்வரை அவளை வார்டிலிருந்து எடுத்து, போனே இல்லாத கட்டுப்போடும் அறையில் போட்டார்கள். ஐந்து வாரம் காலையிலிருந்து மாலைவரை புண் கழுவிக் கட்டுப் போட்டாள். வராந்தாவில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினால் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றும். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று ஒருநாள் கை கழுவும் தொட்டியருகே நின்று அழவும் செய்தாள்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இடது ஓரத்தில் இருந்தவர் ஏதோ கேட்டார். அவள் எழுந்து, நாற்காலியைத் தூக்கிக் கொஞ்சம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, மறுபடி கேட்கச் சொன்னாள். காது இப்படி இருக்கையில் நோயாளியின் உயிரை எப்படி நம்பி ஒப்படைப்பது என்பதுதான் கேள்வி.

அவள் இன்சுலின் கதையை முழுக்கச் சொன்னாள், ஐம்பது என்று எழுதியதையும் மறைக்காமல். பிறகு சொன்னாள்: "நல்லா கேக்கிறவங்க கேட்டுட்டோம்னு போயிடுவாங்க. நான் சரியா கேட்டேனான்னு கேட்டுட்டுத்தான் போவேன். கருவி வந்ததுக்கு அப்புறமும் அப்படித்தான்."

நடுவில் இருந்த பேராசிரியை எதையோ எழுதிக்கொண்டார். நல்லதாக எழுதினாரா என்று தெரியவில்லை.

அந்த வருஷம் இடம் கிடைக்கவில்லை. விதியில் இருப்பது இயல்பான செவித்திறன், கருவியைப் பற்றி விதி வாய் திறக்கவில்லை, ஆகவே மருத்துவக் குழுவின் முடிவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று கடிதம் வந்தது. குழு கூட ஏழு மாதம் ஆனது. இதற்கிடையில் கருவி வந்து, அவள் வார்டுக்குத் திரும்பி, முதல் வாரம் தட்டு வைக்கிற சத்தத்துக்கெல்லாம் துள்ளி விழுந்துகொண்டிருந்தாள். அடுத்த வருஷ நிபந்தனைத் தாளில் பதினோராவது வரியில், தேவைப்பட்டால் கருவியுடன் என்று இரண்டு சொல் கூடியிருந்தது. அவளுக்காகச் சேர்த்ததா, வேறு யாரும் கேட்டார்களா என்று யாரும் சொல்லவில்லை. நாற்பத்து நாலு வயதில், வயது வரம்புக்கு ஒரு வருஷம் மிச்சம் இருக்கையில், அவளுக்கு இடம் கிடைத்தது.

வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. உடலியங்கியலும் உளவியலும் பரவாயில்லை, பாதி அவள் கண்ணால் பார்த்தது. புள்ளியியல்தான் பிடிபடவில்லை. காதுக்குக் கருவி இருக்கிறது, கணக்குக்கு என்ன செய்வது என்று கேட்டால், மகள் புத்தகத்தைப் பிடுங்கி, சராசரியிலிருந்து ஆரம்பிக்கலாம்மா என்கிறாள்.